எடை போட்ட அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு

பக்கத்து வயல் அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் திட்டவில்லை. கொட்டகையில் மூங்கில் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நல்ல காயை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கெட்ட பக்கம்தான் உயரமாக இருந்தது. ஒரு வெங்காயத்தை எடுத்து அதன் கழுத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் நகம்வரை உள்ளே போனது. அதை என் பக்கம் நீட்டவும் இல்லை. "தம்பி, நீ எடை போட்ட அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

அந்த ரகத்தை அவருக்குச் சொன்னது நான். முந்தின பருவத்தில் நாலு பாத்தியில் நாலு ரகம் போட்டு, அறுவடை அன்று தராசில் வைத்து, மூன்றாவது பாத்திதான் முதலிடம் என்று நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அடிக்கோடு போட்டதோடு நிற்காமல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டவும் செய்தேன். எண் போட்டு எழுதியதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு மரியாதை வந்துவிடும். அவருக்கும் வந்தது. வழக்கமாகப் போடுகிற ரகத்தை விட்டுவிட்டு முழுக்க முழுக்க நான் சொன்னதையே நட்டார். விளைச்சலும் அமோகம். உடனே விற்கத் தோதுப்படாமல் மூன்று மாதம் வைத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

என் தராசு பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குவியல் கண்ணிலேயே நின்றது. எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று தெரியாமல் அடுத்த பருவம் முழுக்க நான் செய்த வேலைதான் இந்தக் கட்டுரை.

ரகமா, பாத்தியா?

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார். "ஏம்ப்பா, நீ ரகத்தை எடை போட்டியா, பாத்தியை எடை போட்டியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. மூன்றாவது பாத்தி எங்கே இருந்தது என்று கேட்டார். வாய்க்கால் ஓரம். நாலாவது? மேட்டில். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒரு சாணுக்குள்ளேயே நின்றுவிடுகிற வேர். ஈரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் காயின் பருமனில் தெரிந்துவிடும். வாய்க்கால் ஓரத்தில் எந்த ரகத்தை நட்டிருந்தாலும் அது ஜெயித்திருக்கலாம் என்றார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய பாடம் இது. 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துக்கு வேலைக்குப் போன ஆர்.ஏ. ஃபிஷர், அங்கே குவிந்துகிடந்த வயல் கணக்குகளோடு மல்லுக்கட்டித்தான் ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப நடு, எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய் என்ற முறையை உருவாக்கினார். குலுக்கல் விவசாயிக்குப் பிடிக்காத வேலை. நமக்குப் பிடித்த ரகத்துக்கு நல்ல மண்ணைக் கொடுக்கத்தான் கை போகும். அதனால்தான் குலுக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே அடுத்த பருவத்தில் ரகத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு பாத்தி. ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். பாத்திக்கு 200 நாற்று. இந்த இடைவெளியை எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்தே ஆகவேண்டும். நெருக்கி நட்டால் காய் சிறுத்து மொத்த எடை கூடும், தள்ளி நட்டால் காய் பெருத்து மொத்த எடை குறையும். ஒரு ரகத்தை நெருக்கியும் இன்னொன்றைத் தள்ளியும் நட்டுவிட்டு ஒப்பிட்டால் அது ரகத்தின் கணக்கே இல்லை. ரகங்களைக் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, பக்கத்து வீட்டுப் பையனை விட்டு எடுக்கச் சொன்னேன். வாய்க்கால் ஓரம் இந்தத் தடவை அத்தை வீட்டு விதைக்கு விழுந்தது.

நாலு ரகத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதலாவது கிரானோ வகை: மஞ்சள் தோல், பெரிய காய், காரம் குறைவு. முந்தின தடவை மூன்றாவது பாத்தியில் நின்றதும், அண்ணனுக்கு நான் சொன்னதும் இதுதான். இரண்டாவது ஒரு சிவப்பு வீரிய ஒட்டு. மூன்றாவது அத்தை வீட்டில் பல வருஷமாக எடுத்து வைத்து வைத்துப் போடுகிற சிவப்பு. நாலாவது ரெட் கிரியோல் வகை: சின்னது, தட்டையானது, கல் மாதிரி இறுக்கம். முந்தின வருஷம் கடைசி இடம் பிடித்தது அதுதான். "இதெல்லாம் ஒரு காயா" என்று நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நாலுமே குறுகிய பகல் ரகங்கள், அதாவது பகல் ரொம்ப நீளாமலே காய் திரளுகிறவை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் உறவினர் ஒருவர் குளிர்நாட்டிலிருந்து ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் தேங்காய் அளவு வெங்காயம். விதைத்தேன். தாள் முழங்கால் உயரம் வந்தது, பச்சைப் பசேல் என்று நின்றது, கடைசிவரை காயே வைக்கவில்லை. நீண்ட பகல் ரகத்துக்குப் பகல் 14 மணி நேரம் அல்லது அதற்கு மேல் நீண்டால்தான் காய் திரளும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகல் ஏறக்குறைய 12 மணியிலேயே நிற்கிறது. அங்கே அந்த விதை காலம் முழுக்கக் காத்துக்கொண்டேதான் நிற்கும். செடி பகலின் நீளத்தைக் கணக்கு வைக்கிறது என்பதைக் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் 1920இல் எழுதினார்கள். எனக்குப் புரிய ஒரு பொட்டலம் விதை செலவானது. 2023இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் கண்காட்சியில் 8.97 கிலோ எடையில் ஒரே வெங்காயம் வைத்து உலக சாதனை படைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து விதை தேடுகிறவர்களுக்கு என் முழங்கால் உயரத் தாளைக் காட்ட ஆசை.

அறுவடை

முந்தின வருஷம் நாலையும் ஒரே நாளில் பிடுங்கியிருந்தேன். வேலை மிச்சம் என்று நினைத்தேன். கிரியோல் அதற்குப் பத்து நாள் முன்பே தாள் சாய்ந்து கிடந்தது. கிரானோ பாத்தியில் கால்வாசி இன்னும் நிமிர்ந்து நின்றது. தாள் சாய்வது என்றால் கழுத்து தளர்ந்து வற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது சாயும் முன்னே பிடுங்கினால் கழுத்து மூடாது. திறந்து கிடக்கிற வாசல் வழியாகப் பூசணம் உள்ளே போகும். ஆக, இந்தத் தடவை பாத்தியில் பாதிக்கு மேல் சாய்ந்த பிறகு அந்தந்த ரகத்துக்கு அதனதன் நாள். வயலிலேயே ஒரு காயை அடுத்த காயின் தாள் மூடுகிற மாதிரி பரப்பி நாலு நாள், நிழலில் ஒரு வாரம். பிறகு தாள் அறுத்து எடை.

மூன்று பாத்தியும் சேர்த்து கிரானோ 41 கிலோ, ஒட்டு ரகம் 35.7, அத்தை விதை 30.9, கிரியோல் 27. போன வருஷ வரிசையே. வாய்க்கால் கதையெல்லாம் ஒன்றுமில்லை, நான் முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு அரை நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் கழிவு பிரித்தேன். இரட்டைக் காய், தண்டு விட்டுப் பூத்தது, கழுத்து தடித்தது, வெடித்தது எல்லாம் ஒரு பக்கம். கிரானோவில் 2 கிலோ போனது. ஒட்டில் 1.7. கிரியோலில் 1 கிலோ. அத்தை விதையில் 5.9 கிலோ! 25 கிலோதான் மிஞ்சியது. கடைசியில் இருந்த கிரியோல் 26 கிலோவோடு அத்தையைத் தாண்டிவிட்டது. கொட்டிய குவியலைப் பார்த்தாலே தெரியும்: ஒட்டு ரகம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே உருவம், அத்தையுடையது உருண்டை, நீட்டு, தட்டை, சிவப்பு, வெளிர் சிவப்பு என்று ஒரு கல்யாணக் கூட்டம்.

அந்த ஒரே உருவத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வெங்காயப் பூ ஒரு தலையில் நூற்றுக்கணக்கில் பூக்கும், ஒவ்வொன்றும் துக்கடா. கையால் மகரந்தத்தை நீக்கி ஒட்டு விதை எடுப்பது நடக்காத காரியம். 1925இல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹென்றி ஜோன்ஸ் என்பவர் இத்தாலியன் ரெட் ரகத்தில் ஒரு செடி மட்டும் விதை பிடிக்காமல், பூத்தலையில் குட்டிக் காய்களாக வைத்திருப்பதைக் கவனித்தார். மகரந்தம் மலடு. அந்தக் குட்டிக் காய்களை நட்டு நட்டே செடியைக் காப்பாற்றி, அந்த மலட்டுத்தன்மை எப்படிக் கடத்தப்படுகிறது என்பதை கிளார்க் என்பவரோடு சேர்ந்து 1943இல் வெளியிட்டார். ஒட்டு வெங்காயத்துக்கு வழிவிட்டது அந்த ஒற்றைச் செடி. களை என்று யாராவது பிடுங்கிப் போட்டிருந்தால்?

தண்ணீர்

கழிவு பிரித்த பிறகும் கிரானோதான் முன்னால். ஆனால் எடுத்துக் கொட்டும்போது ஒரு வித்தியாசம் காதில் விழுந்தது. கிரியோல் பையைத் தட்டில் கவிழ்த்தால் கூழாங்கல் கொட்டுகிற மாதிரி கலகலவென்று சத்தம். கிரானோ தொப் தொப்பென்று விழுந்தது. பெரியவரிடம் சொன்னேன். "நறுக்கிக் காயவெச்சுப் பாரு" என்றார்.

ரகத்துக்கு 100 கிராம் மெல்லிசாகச் சீவி, ஈரம் முழுக்கப் போகும்வரை உலர்த்தி, நகை நிறுக்கிற மாதிரி சின்னத் தராசில் வைத்தேன். கிரானோ 8 கிராம். கிரியோல் 15 கிராம். மற்ற இரண்டும் நடுவில். பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியுமா? கிரானோ 39 கிலோவில் உலர்பொருள் 3.1 கிலோ. கிரியோல் 26 கிலோவில் 3.9 கிலோ. எடை போட்ட அன்றைக்கே, அந்தத் தராசிலேயே, கடைசிக்காரன்தான் முதலில் இருந்திருக்கிறான். தண்ணீரைச் சேர்த்து நிறுத்ததால் எனக்குத் தெரியவில்லை. இது என் கொட்டகைக்கு மட்டும் உள்ள அதிசயம் இல்லை. வெங்காயத்தில் உலர்பொருள் 7 சதத்திலிருந்து, பொடிக்காக வளர்க்கிற ரகங்களில் 20 சதத்துக்கு மேல்வரை போகும். பெரிய காயும் அதிக உலர்பொருளும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம் என்பது ரகம் உருவாக்குகிறவர்களின் நெடுநாள் தலைவலி.

கிரானோவை இழிவாகப் பேசுவதாக நினைத்துவிடக்கூடாது. பச்சையாகக் கடித்துச் சாப்பிட அதைவிட எனக்கு எதுவும் பிடிக்காது. அதன் இனிப்புகூட ஒரு விதத்தில் கண்கட்டு வித்தைதான்: சர்க்கரை கூடுதல் என்பதால் இனிப்பதில்லை, காரம் குறைவு என்பதால் இருக்கிற சர்க்கரை நாக்குக்குத் தெரிகிறது. வெங்காயத்தின் காரத்தை, நறுக்கும்போது உருவாகிற பைருவிக் அமிலத்தை அளந்து எண்ணாகச் சொல்கிற முறை 1961லேயே வந்துவிட்டது. கண்ணீர் வரவழைக்க மட்டும் தனியாக ஒரு நொதி இருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். 2013இல் அவர்களுக்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது. கிரியோலைச் சீவிய அன்று நான் அழுத அழுகையைப் பார்த்திருந்தால் நிஜ நோபலே கொடுத்திருப்பார்கள்.

நாலாவது மாதம்

ஒவ்வொரு ரகத்திலும் மூன்று பாத்திக் காயையும் கலந்து, நல்லதாக 10 கிலோ நிறுத்து வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். (ஒரு பை போதாது, மூன்று வேண்டும் என்று பெரியவர் பிறகு சொன்னார். சரிதான்.) குளிர்பதனம் இல்லை. வெங்காயத்துக்குச் சுழியம் டிகிரிக் குளிரும் ஒத்துக்கொள்ளும், 25–30 டிகிரி வெப்பமும் ஒத்துக்கொள்ளும். நடுவில் 10, 15 டிகிரியில்தான் சீக்கிரம் முளை விடும். என் கொட்டகை இரண்டாவது ஜாதி. முளை குறைவு, ஆனால் வற்றுவதும் அழுகுவதும் உண்டு. மாதம் ஒரு தடவை அவிழ்த்து, கெட்டதை எடுத்துவிட்டு மிச்சத்தை நிறுத்தேன்.

முதல் மாதம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. கிரானோ 8.8 கிலோ. கழிவு போக விளைந்த மொத்தத்துக்கும் இதே விகிதத்தைப் போட்டால் இன்னும் அதுதான் முதல். அண்ணன் அப்போதே விற்றிருந்தால் என்னை ஊரெல்லாம் புகழ்ந்திருப்பார். இரண்டாவது மாதம் கிரானோ 6.5 ஆனது, ஒட்டு ரகம் 8.4இல் நின்று அதைத் தாண்டியது. மூன்றாவது மாதம் பையை அவிழ்க்கும் முன்பே வாடை. வெளித்தோலுக்கு அடியில் கரித்தூள் பூசிய மாதிரி கரும்பூசணம், கையில் ஒட்டிக்கொண்டது. ஒரு காயைப் பிடித்துத் தூக்கினேன். தோல் மட்டும் கையோடு வந்தது, உள்ளே இருந்தது பையிலேயே தங்கிவிட்டது. அண்ணன் கொட்டகையில் பார்த்த அதே காய். அன்று அவர் கையில் இருந்தது, இன்று என் கையில்.

நாலாவது மாதம்: கிரானோ 3.1 கிலோ. ஒட்டு 5.9. அத்தை விதை 6.4. கிரியோல் 8.2. மொத்த விளைச்சலுக்குக் கணக்குப் போட்டால் கிரியோல் 21 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஒட்டு 20, அத்தை 16, கிரானோ 12. போன வருஷம் அடிக்கோடு போட்டது கடைசியிலும், "இதெல்லாம் ஒரு காயா" என்று எழுதியது முதலிலும் வந்து நிற்கிறது. கிரியோலுக்கும் ஒட்டுக்கும் ஒரு கிலோதான் வித்தியாசம். அதை வைத்துக்கொண்டு ஒன்று ஜெயித்தது ஒன்று தோற்றது என்று சொல்ல எனக்கு இனி தைரியம் வராது.

என்னை உட்கார வைத்தது அந்த 6.4தான். அத்தை விதை, கம்பெனி ஒட்டைவிட அரை கிலோ கூடுதலாகத் தாங்கியிருக்கிறது. அத்தைக்குப் போன் போட்டு, விதைக்கு எந்தக் காயை எடுத்து வைப்பீர்கள் என்று கேட்டேன். பெருசா இருக்கறதையா? "பெருசு சிறுசெல்லாம் பாக்கறதில்லடா. எல்லாம் தின்னு, அழுகினதத் தூக்கிப் போட்டு, கடைசில எது மிஞ்சிக் கெடக்குதோ அத ஊனுவோம்" என்றார். வருஷா வருஷம் அவர் அறியாமலே அழுகுவதைக் கழித்துத் தாங்குவதை மட்டும் நட்டிருக்கிறார். நான் இந்த வருஷம்தான் கண்டுபிடித்த நாலாம் மாத எடை அவர் வீட்டில் எத்தனையோ வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. அதே சமயம், மிஞ்சியது இரட்டைக் காயா ஒற்றையா என்று அவர் பார்த்ததே இல்லை. இரட்டை விழுவதும் விதை வழியாக வருகிற குணம்தான். 5.9 கிலோ கழிவு எங்கிருந்து வந்தது என்பதும் அதே பதிலில் இருந்தது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "ரெட்டையா இருந்தா உரிக்க லேசு" என்று போனை வைத்துவிட்டார்.

இந்தப் பருவத்துக்கு நாற்று விடும் முன்னால் அண்ணனே என்னைத் தேடி வந்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயம். "என்ன தம்பி, இப்ப எது நல்ல ரகம்?" என்றார். நோட்டை எடுக்காமல், "எத்தனை மாசம் வெச்சிருந்து விப்பீங்கண்ணே?" என்று கேட்டேன். ரொம்பத் தெளிவாகக் கேட்டுவிட்டதாக ஒரு நினைப்பு எனக்கு.

அவர் சிரித்தார். "அது தெரிஞ்சா உன்கிட்ட எதுக்கு வந்து கேக்கறேன்?"

பாதி ஒட்டு, பாதி கிரியோல் என்று போட்டிருக்கிறார். வரப்போரம் ஒரே ஒரு பாத்தியில் கிரானோ. அது வீட்டுக்காம், பிடுங்கின வாரமே தின்றுவிடப் போகிறார்களாம்.